"சொல்லி அனுப்புறோம்" என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னபோது

கந்தோருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற மூன்று பிள்ளைகளுக்கும்,

உங்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டுமாம். சேர் கேட்டார். வாயால் சொன்னால் போதும், பிள்ளைகள் கம்பியூட்டரில் அடித்துக்கொள்வார்கள் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் என் பிழையை இன்னொருத்தி அடித்துத் தருவதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் இது மெதுவாகத்தான் போகும். நீங்களும் மெதுவாக வாசியுங்கள். இப்போதைய பிள்ளைகள் எல்லாவற்றையும் கடைசி வரியிலிருந்து வாசிக்கிறீர்கள்.

இங்கே பதினொரு வருஷம் இருந்தேன். சண்டை முடிந்து ரோட்டெல்லாம் திறந்த பிறகு, சேர் வெளியில் படித்துவிட்டு வந்து, நுரைச்சோலைச் சந்தியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இந்தக் கந்தோரைத் தொடங்கினார். நம் பக்கத்துப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க வைப்பது அவர் தொழில். கூட்டுவது, தேத்தண்ணி ஊற்றுவது, வருகிறவர்களைக் கதிரையில் இருத்துவது என் தொழில். கற்பிட்டியில் எங்கள் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் பொம்பிளை நான்தான். அதனால் கூட்டினாலும் முதலாளி மாதிரித்தான் கூட்டுவேன். சேருக்கும் அது தெரியும்.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் விளங்கியது. சேரின் அறைக்குள் போய் முக்கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு வருகிற வாப்பாமார், கதவைச் சாத்தியதும் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்பார்கள். "ராத்தா, சேர் என்ன சொன்னார்?" சேர் தமிழில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் படித்தவர் சொன்னதைப் படிக்காத ஒருத்தி திரும்பச் சொன்னால்தான் நம் ஆட்களுக்கு உள்ளே இறங்கும். நானும் சொல்லுவேன். பத்துத் தரம் சொன்னால் ஒன்பது தரம் சரியாக இருந்தது. பத்தாவது தரத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். ஒன்பதையும் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், ஊரில் எல்லோருக்கும் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள், முந்தி விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு டிசம்பரிலேயே பதில் சொல்லும். பதில் மூன்று விதம். ஓம் என்பது ஒன்று. இல்லை என்பது ஒன்று. மூன்றாவது, உங்கள் விண்ணப்பத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், மற்றவர்களுடையதோடு சேர்த்துத் திரும்பவும் பார்ப்போம், மார்ச்சில் அறிவிப்போம் என்பது. ஓம் வந்தால் அழுவார்கள், இல்லை வந்தாலும் அழுவார்கள், பிறகு தேத்தண்ணி குடிப்பார்கள். மூன்றாவது வந்தால் அழவும் தெரியாது, குடிக்கவும் தெரியாது. கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மூன்றாவது பதில்தான் ஹஸ்னாவுக்கு வந்தது.

ஹஸ்னா ஆலங்குடாப் பிள்ளை. வாப்பா அன்சார், படகு எஞ்சின் திருத்துகிறவர். தொண்ணூறில் சண்டைக்காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் வெளியேற்றியபோது வந்த குடும்பம். ஹஸ்னா பிறந்தது இங்கேதான், இருந்தாலும் எங்கள் ஆட்கள் அவளையும் மன்னார்ப் பிள்ளை என்றுதான் சொல்லுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். உயர்தரப் பரீட்சையில் நல்ல மார்க்ஸ், ஆனால் வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை குறைவு, இங்கே கெம்பஸ் கிடைக்கவில்லை. கடலையும் களப்பையும் பற்றிப் படிக்க அவளுக்கு ஆசை. வாப்பா எஞ்சின் திருத்துகிற கொட்டிலில் இருந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு மீனவரிடமும் இன்றைக்கு எத்தனை நண்டு, எந்தப் பக்கத்துத் தண்ணி, தண்ணி என்ன நிறம் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுவாள். உச்சமுனையிலிருந்து எஞ்சின் கொண்டு வருகிறவர்கள், "அன்சார் நானா, எஞ்சினைத் திருத்துறதை விட உங்கட மகளுக்குப் பதில் சொல்றதுக்குத்தான் கூட நேரம் போகுது" என்று சிரிப்பார்கள். அந்தக் கொப்பியைப் பற்றி எழுதித்தான் சேர் அவளை விண்ணப்பிக்க வைத்தார். முழு உதவித்தொகை கிடைத்தால் போவாள், இல்லாவிட்டால் போக வழியில்லை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் இருந்தது. நுரைச்சோலையில் ஒரு நல்ல குடும்பம், மகன் மின்சார நிலையத்தில் வேலை. ஹஸ்னாவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஒரு தட்டில் இனிப்பும் வாழைப்பழமும் வைத்து, துணி மூடிக் கொண்டு வருவார்கள். கதை நடக்கிற வரைக்கும் அந்தத் தட்டு பெண் வீட்டில் இருக்கும். தட்டுத் திரும்பிப் போனால் கதை முடிந்தது. வாயால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. தட்டுச் சொல்லும்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. சேர் மூன்று நாள் கண்காட்சி ஒன்றுக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். கந்தோரில் நான் மட்டும். அன்சாரும் மகளும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆலங்குடாவில் அன்றைக்கு சிக்னல் இல்லையாம், இங்கே கம்பியூட்டரில் பார்க்க வந்தார்கள். ஹஸ்னா திறந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். தள்ளி வைத்திருக்கிறார்கள், மார்ச்சில் சொல்லுவார்களாம், அதுவரை காத்திருக்கச் சம்மதமா, அல்லது விலகிக்கொள்கிறீர்களா என்று இரண்டு பெட்டி போட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

அன்சார் என் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, ஒளிக்காமச் சொல்லுங்க. இது என்ன?"

இப்போது நினைத்தால், 'எனக்குத் தெரியாது தம்பி, சேர் வரட்டும்' என்று சொல்லியிருக்கலாம். ஐந்தே வார்த்தை. ஆனால் கதிரையில் இருக்கிறவர் நின்றுகொண்டிருக்கிறவளைப் பார்த்து அப்படிக் கேட்கிறபோது, தெரியாது என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் ஒருத்திக்கும் பழக்கமில்லை.

எனக்கு இந்தப் பதிலை நன்றாகத் தெரியும் என்றே நினைத்தேன். என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு தரம் வட்டிலப்பம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் செருப்புப் போடுகிறபோது "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். நோன்புப் பெருநாளிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் நான் தட்டைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். மாப்பிள்ளைக்குச் சிலாபத்தில் கலியாணம் முடிந்துவிட்டது என்று மீன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் அதை அரைக்கிலோ சாளைக்கு இடையில் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம். இளைய மகளுக்கு வந்தவர்கள் அதே சொல்லைச் சொன்னபோது, மறுநாள் விடிய நானே தட்டைத் திருப்பி அனுப்பினேன். "எங்கட புள்ளைக்கு இப்ப விருப்பமில்லை" என்று சொல்லியும் விட்டேன். ஊரே மெச்சியது. முந்திக்கொண்டவளுக்குத்தான் மானம்.

ஆகவே அன்சாருக்குச் சொன்னேன். "தம்பி, சொல்லி அனுப்புறோம் எண்டா இல்லை எண்டுதான். மூணு மாசம் அவங்கட வாசல்ல நிண்டு, பிறகு அவங்க கதவைச் சாத்த நீங்க திரும்பி வரணுமா? நாம முந்திச் சொல்லிட்டா மானமாவது மிஞ்சும்."

ஹஸ்னா மெதுவாகக் கேட்டாள். "மாமி, சேர்ட்ட ஒருக்காக் கேட்டா என்ன?"

"சேர் அங்க எத்தனை சோலியில நிக்கிறாரோ. இதுக்கெல்லாம் அவரைக் கூப்பிடணுமா?"

அன்சார் யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ராத்தா சொல்றது சரி. வேணாம் எண்டு போடு மகள்" என்றார். அவள் வாப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு விலகுகிறோம் என்ற பெட்டியை அமத்தினாள். பதில் போட ஜனவரி வரைக்கும் நாளிருந்தது. எங்களுக்கு அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை. நான் இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். அன்சார் ஜும்ஆவுக்கு நேரமாகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினார். ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டோம். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கந்தோர் அரைநாள். கூட்டிக்கொண்டிருந்தேன். மின்சார நிலையத்துப் பையனின் உம்மா மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தார். வந்ததும் கதிரையில் இருந்தார், ஆனால் முதுகைச் சாய்க்கவில்லை.

"ராத்தா, உங்கள்ட்ட ஒரு கதை கேக்கணும். அந்த அன்சார் நானா எங்களுக்கு சொல்லி அனுப்புறோம் எண்டவர். ரெண்டு மாசமாகுது. அதுக்கு இல்லை எண்டுதானே அர்த்தம்? புத்தளத்தில ஒரு இடம் வந்திருக்கு. என்ட மகனுக்கு அதைப் பாக்கவா?"

நான் துடைப்பத்தை வைத்துவிட்டு, யோசிக்காமல் சொன்னேன். "சே, அது இல்லை எண்டு இல்லை. அவர் பொய் சொல்ற மனிசன் இல்லை. மகளுக்குப் படிப்புப் பதில் வராம அவருக்கே தெரியாம இருந்திச்சு, அதான் அப்படிச் சொல்லிரிக்கார். உங்கட குடும்பம் பிடிச்சதாலதான் தட்டை வச்சிரிக்கார். கொஞ்சம் பொறுங்க."

"அப்ப பொறுக்கவா?"

"பொறுங்க" என்றேன். வார்த்தை வாயிலிருந்து போகும்போதே எனக்குக் காது சுட்டது. நேற்று இதே இடத்தில், இதே சொல்லுக்கு, நான் வேறு அர்த்தம் சொன்னேனே. மனதார யோசிக்கிறவனும் சொல்லி அனுப்புறோம் என்பான், ஏமாற்றுகிறவனும் அதையேதான் சொல்லுவான். எவன் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்சாரை எனக்குத் தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தை எனக்கு எங்கே தெரியும்? அது என் வீட்டில் வட்டிலப்பம் சாப்பிட்டதா?

அவர் போனதும் சேருக்கு அழைப்பு எடுத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"ராத்தா, இப்ப எங்க இருக்கீங்க?"

"படியில."

"ஏன் படியில?"

"கதிரையில இருக்க மனம் வரல்ல."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் ரோசப்பட்டு வேலையை விட்டுத் தப்பியிருப்பேன். அவர் சொன்னது இவ்வளவுதான். "அங்க இன்டைக்கும் நாளைக்கும் லீவு. திங்கக்கிழமை அவங்க கந்தோர் துறக்கையில முதல் கடிதமா அது போய் நிக்கணும். நான் எழுதப்படாது, நீங்களும் எழுதப்படாது. விண்ணப்பம் அவட, அவள்தான் எழுதணும். ஆனா அதுக்கு முதல் அவட வாப்பா ஓம் எண்டணும். அந்த வேலை உங்கட." பிறகு, "திரும்பச் சேர்ப்பாங்களா சேர்?" என்று கேட்டேன். "தெரியாது ராத்தா" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கந்தோரைப் பூட்டிவிட்டு ஓட்டோ பிடித்தேன். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தள்ளி வைக்கப்படுவதில்லை போல. அன்சார் கொட்டிலில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டு அதற்கு நடுவில் இருந்தார். கொட்டிலுக்குப் பின்னால்தான் வீடு, கதவு திறந்திருந்தது. ஹஸ்னா உள்ளே நின்று என்னைக் கண்டாள், வெளியே வரவில்லை.

"தம்பி, நேத்து நான் சொன்னது பிழை" என்றேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஓட்டோவில் வரும் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்தேன், வாயில் இதுதான் வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நேத்து சரி, இண்டைக்குப் பிழையா? மானம் மிஞ்சும் எண்டு நீங்கதானே ராத்தா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். புள்ளை திரும்ப எழுதட்டும். தெரியாமப் போட்டுட்டோம், திரும்பப் பாருங்க எண்டு."

"போய்க் கெஞ்சவா?" ஸ்பானரைக் கீழே வைத்தார். "ராத்தா, நீங்க ஊர்க்காரர். உங்களுக்கு விளங்காது. நான் இந்தக் கரைக்கு வந்த நாளிலேருந்து எனக்கு எல்லாரும் சொன்னது ஒண்டுதான். பொறுங்க, பேர் பட்டியல்ல இருக்கு. வீட்டுக்குப் பட்டியல். ஊருக்குத் திரும்பிப் போகப் பட்டியல். அங்க போனா இங்க பதிஞ்சிருக்கீங்க எண்டாங்க, இங்க வந்தா அங்க பதிஞ்சிருக்கீங்க எண்டாங்க. இவ்வளவு காலத்தில முதல் தரமா நேத்துத்தான் நான் ஒருத்தனுக்கு வேணாம் எண்டு சொன்னேன். அது எவ்வளவு ருசியா இருந்திச்சு தெரியுமா?"

அவர் ஏன் யோசிக்காமல் சம்மதித்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் என் சட்டத்தை அவர் தலையில் வைத்தேன். அவருக்கோ அது இருபது வருஷத்துப் பசி.

"ருசி உங்கட நாக்கில" என்றேன். "பட்டினி அந்தப் புள்ளைக்குத்தானே தம்பி?"

அவருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. எஞ்சின் பக்கம் திரும்பிவிட்டார். இதற்கு மேல் கதைத்தால் எழுந்து போய்விடுவார். திறந்த கதவு வழியாக வீட்டுக்குள் பார்த்தேன். அலுமாரிக்கு மேலே, துணி மூடி, ஒரு தட்டு இருந்தது.

"அது யாருட தட்டு?"

"நுரைச்சோலை ஆக்கள்ட. ஏன்?"

"அவங்களுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்லி அனுப்புறோம் எண்டு."

"அப்ப அது இல்லை எண்டு. ஏன் இன்னும் தட்டைத் திருப்பி அனுப்பல்ல?"

"அது எப்படி ராத்தா இல்லையாகும்?" அவருக்குக் கோபம் ஏறியது. "நல்ல ஆக்கள். அண்டைக்குப் புள்ளைட பதில் வரல்லயே, எனக்கே என்ன தெரியும்? தெரியாத ஒண்டுக்கு ஓம் எண்டு எப்படிச் சொல்ற, இல்லை எண்டு எப்படிச் சொல்ற? அதான் அப்படிச்…"

அவர் நிறுத்திவிட்டார். பழைய துணி ஒன்றை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பத்து விரலும் முடிய நேரம் எடுத்தது. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பாமலே சொன்னார். "எழுதட்டும்."

உள்ளே கொப்பி திறக்கிற சத்தம் உடனே கேட்டது. எங்கள் கதை முழுவதையும் அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறது.

கடிதத்தை அவள் அன்றைக்கு அஸர்த் தொழுகைக்கு முதலே எழுதினாள். எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"மாமி, உங்களை என்னெண்டு எழுதுற? அனுபவமுள்ள ஆலோசகர் எண்டு போடவா?"

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும், "உள்ளதை எழுது" என்றேன்.

"கந்தோர்ல தேத்தண்ணி ஊத்துற மாமி சொன்னா எண்டு எழுதினா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். சிரிச்சவங்க கடைசி வரைக்கும் வாசிப்பாங்க."

அப்படியே எழுதினாள். எங்கள் ஊரில் தட்டு என்றால் என்ன, சொல்லி அனுப்புறோம் என்றால் என்ன, அதை நம்பி எப்படி அவசரப்பட்டோம், பிழை எங்களுடையது, விண்ணப்பத்தைத் திரும்பப் பார்க்க முடியுமா என்று. பிறகு, விண்ணப்பித்த நாளிலிருந்து கொப்பியில் புதிதாக எழுதியவை. மழை நீர் களப்புக்குள் வந்த பிறகு நண்டு எந்தப் பக்கம் நகர்ந்தது, உச்சமுனைக்காரர்கள் சொன்னதும் கற்பிட்டிக்காரர்கள் சொன்னதும் எங்கே ஒத்து வருகிறது, எங்கே வரவில்லை. சேர் தொலைபேசியில் கேட்டு, 'தயவுசெய்து' என்று நாலு இடத்தில் இருந்ததில் மூன்றை வெட்டச் சொன்னார். வேறொன்றும் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமைக் காலை பதில் வந்தது. இரண்டு வரி. உங்கள் விண்ணப்பத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டோம். முடிவை மார்ச்சில் அறிவிப்போம்.

"அப்ப என்ன சொல்றாங்க?" என்று அன்சார் கேட்டார்.

"சொல்லி அனுப்புறாங்களாம்" என்றேன். அந்த மனிதர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து வந்த சேரிடம் அன்சார் நேரே கேட்டார், கிடைக்க எவ்வளவு சாத்தியம் என்று. சேர் ஒரு கணக்கும் சொல்லவில்லை. தள்ளி வைக்கப்பட்டவர்களில் அதிகம் பேருக்குக் கடைசியில் கிடைப்பதில்லை, சிலருக்குக் கிடைக்கும், அவள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது என்றார். சொல்லிவிட்டு வேறு நாலு இடத்துக்கும் விண்ணப்பம் போட வைத்தார். உயர்தர மார்க்ஸைப் பள்ளிக்கூடத்திலிருந்து உறுதிப்படுத்தி அனுப்ப வைத்தார். அவ்வளவுதான். இனி ஒருத்தரும் ஒன்றும் அனுப்பக்கூடாது என்று கட்டளையும் போட்டார்.

அந்தக் கட்டளையைக் காவல் காத்தது நான். ஏனென்றால் நம் ஆட்களுக்கு ஒரு காரியம் இழுபட்டால் பெரிய மனிதரிடம் கடிதம் வாங்கத்தானே தெரியும்? கதை வெளியே போனதும் ஒவ்வொருவராகப் படியேறினார்கள். மீனவர் சங்கத் தலைவர் ஒரு கடிதம் கொண்டு வந்தார். பள்ளிவாசல் மரைக்கார் ஒருவர் கொண்டு வந்தார். தேர்தலில் தோற்ற ஒருவர் கொண்டு வந்தார், அதில் அவர் படமும் இருந்தது. அமெரிக்காக்காரனுக்கு இவர்களைக் காட்டினால் பிள்ளைக்கு இருக்கிற இடமும் போகும். ஆனால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எல்லாரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். "அனுப்பியாச்சா ராத்தா?" என்று கேட்டு வந்தவர்களிடம் "சொல்லி அனுப்புறோம்" என்றேன். அந்தச் சொல்லின் அருமை அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அந்தக் கடிதங்கள் இன்னும் கீழ்த்தட்டில் இருக்கின்றன. எறிந்துவிடாதீர்கள், சிலர் இன்னும் கேட்பார்கள்.

மார்ச் வந்தது. வாப்பாவும் மகளும் அதே கதிரைகளில் இருந்தார்கள். நான் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்று துஆ கேட்டேன். ஹஸ்னா வாசித்தாள். வாப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அவர் "திரும்ப வாசி" என்றார். திரும்ப வாசித்தாள். இடமும் கிடைத்திருந்தது, உதவித்தொகையும் கிடைத்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னவர், நான் கொடுத்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

எழுந்து போகும்போதுதான் என்னிடம் சொன்னார். "ராத்தா, நாலு வருஷப் படிப்பு. அந்தப் பையனை அவ்வளவு காலம் காக்க வைக்கிறது ஞாயமில்லை. புள்ளையும் இப்ப வேணாம் எண்டுறா. தட்டைக் குடுக்கணும். எனக்கு முகம் இல்லை. நீங்கதான் போகணும்."

எனக்கு மட்டும் முகம் இருந்ததா? பொறுங்க என்று சொன்னவள் நான். ஆனாலும் மறுநாள் அவர் கொண்டு வந்த தட்டைக் கையில் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் தட்டு வெறுமனே திரும்பாது, ஹஸ்னாவின் உம்மா அதில் தான் கிண்டிய தொதல் இனிப்பை வைத்திருந்தார். சந்தியிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

பையனின் உம்மா வாசலிலேயே தட்டைக் கண்டார். உள்ளே கூப்பிட்டு இருத்தினார். தேத்தண்ணி கொண்டு வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைக்குக் கிடைத்தது, போகிறாள், உங்கள் மகனுக்கு அல்லாஹ் இதை விட நல்ல இடத்தைக் கொடுப்பான் என்றேன்.

"புத்தளத்து இடம் போன மாசம் வேற ஆளுக்கு முடிஞ்சிட்டு" என்றார். "நீங்க பொறுங்க எண்டதால நான் அவங்களுக்கு ஓம் எண்டு சொல்லல்ல."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லி அனுப்புறோம் எண்டா இல்லை எண்டுதானே எண்டு நான் அண்டைக்கே கேட்டேனே, ராத்தா."

அவர் கேட்டது சரி. நான் சொன்னதும் பொய் இல்லை, அன்றைக்கு அன்சாருக்கு உண்மையாகவே தெரியாதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு நான் இரண்டு நாளில் இரண்டு அர்த்தம் சொன்னேன், இரண்டும் பிழையாகப் போயின. தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி போட்டிருக்கவில்லை. கேட்கவும் இல்லை, முழுதாகக் குடித்து முடித்தேன். அந்த மகனுக்கு அடுத்த வருஷம் கலியாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். வட்டிலப்பம் மட்டும் சாப்பிடவில்லை.

பிள்ளைகளே, நாளைக்கு உங்கள் முன்னாலும் ஒரு வாப்பா கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். விலகுகிற பெட்டி எங்கே, திரும்பச் சேர்க்கிற கடிதம் எப்படி என்பதெல்லாம் சேர் உங்களுக்குப் படிப்பித்திருப்பார். ஆனால் அந்த மனிதர் உங்களைப் பார்த்து, "மகள், ஒளிக்காமச் சொல்லுங்க, இது இல்லை எண்டுதானா?" என்று கேட்பார். ஓம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். தெரியாது என்று சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பழக எனக்குப் பதினொரு வருஷமும் போதவில்லை. நீங்கள் ஒரு வருஷத்தில் பழகிவிடுவீர்கள். உங்களுக்கு என்னளவு மானம் இல்லை.